வீடு வாங்கும் முன் யார் வந்து பார்க்க வேண்டும்?

சந்தையில் மாடு வாங்கப் போகிறவர் சும்மா வாங்கிவிடுவது இல்லை. வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். சுழி பார்ப்பார். நடக்க விட்டுப் பார்ப்பார். மண்சட்டி வாங்குகிற பெண்கள்கூட அதைத் தட்டிப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள்.

ஆனால் வீடு?

ஆயுள் முழுவதும் உழைத்துச் சேர்த்த பணத்தைக் கொட்டி வாங்குகிற வீட்டை, பலர் அரை மணி நேரம் சுற்றிப் பார்ப்பதோடு சரி! வாசல் கிழக்குப் பார்த்து இருக்கிறதா? குழாயில் தண்ணீர் வருகிறதா? சுவர் பளபளப்பாக இருக்கிறதா? முடிந்தது! மறுநாளே முன்பணம்!

ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். கணவர் பஸ் டிரைவர். மனைவி தையல் வேலை செய்கிறார். ஊர் ஓரத்தில் 20 ஆண்டு பழைய கான்கிரீட் வீடு விலைக்கு வருகிறது. மனை 30 அடிக்கு 40 அடி. அதாவது 1,200 சதுர அடி, அரை கிரவுண்டு. கட்டிடம் 800 சதுர அடி. விலை ரூ.34 லட்சம் என்கிறார் வீட்டுக்காரர்.

கடன் கேட்டார்கள். பாங்கி அனுப்பிய ஆள் வந்தார், பார்த்தார், போனார்.

"பாங்கியே பார்த்துவிட்டது. இனி என்ன பயம்?" என்றார் கணவர்.

"அவர் பார்த்தது நமக்காகவா, பாங்கிக்காகவா?" என்று கேட்டார் மனைவி.

நல்ல கேள்வி!

பாங்கியின் கவலை

கடன் திரும்பி வராவிட்டால், வீட்டை விற்றுப் பணத்தை எடுக்க முடியுமா? இதுதான் பாங்கியின் கவலை. ரூ.30 லட்சம் வரை உள்ள வீட்டுக் கடன், வீட்டு மதிப்பில் 90 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது ரிசர்வ் பாங்கியின் விதி. அதற்காகத்தான் மதிப்புப் போடுகிறார்கள். கூரைக்குள் கம்பி துருப்பிடித்து இருக்கிறதா, பக்கத்துச் சுவர் உள்ளே வந்திருக்கிறதா என்று துருவிப் பார்ப்பது அவர்களுடைய வேலை அல்ல.

வீடு வாங்குகிறவருக்கு மூன்று பேர் தேவை. நிலத்தை அளக்க சர்வேயர். கட்டிடத்தைப் பார்க்க என்ஜினீயர். விலையைச் சொல்ல மதிப்பீட்டாளர். ஒருவர் வேலையை இன்னொருவர் செய்ய மாட்டார். பத்திரத்தையும் வில்லங்கத்தையும் வக்கீல் பார்ப்பது தனி.

சர்வேயர்

பத்திரத்தில் 30-க்கு 40 என்று இருக்கும். தரையில் இருக்கிறதா? பக்கத்து வீட்டுச் சுவர், 40 அடி நீளத்துக்கு 2 அடி உள்ளே வந்திருந்தால், 80 சதுர அடி போய்விட்டது! சதுர அடி ரூ.1,500 என்றால், நஷ்டம் ரூ.1 லட்சத்து 20 ஆயிரம்!

பட்டாவையும் புலப்படத்தையும் தமிழக அரசின் இணையதளத்தில் பார்க்கலாம். பட்டாவில் அளவு ஏர் கணக்கிலோ சதுர மீட்டர் கணக்கிலோ இருக்கும். மலைக்க வேண்டாம். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டர் என்பது 10.76 சதுர அடி. 1,200 சதுர அடி மனைக்கு சுமார் 111½ சதுர மீட்டர் இருக்க வேண்டும்.

எல்லையில் சந்தேகமா? 'அத்துக் காட்ட' மனு கொடுத்தால், அரசு சர்வேயர் வந்து அளந்து எல்லையைக் காட்டுவார். பட்டா விற்கிறவர் பேரில் இருப்பதால், அவரையே மனு கொடுக்கச் சொல்ல வேண்டும். பக்கத்து மனைக்காரரையும் கூட வைத்துக்கொண்டு அளப்பது நல்லது. விற்கிறவர் மனுப் போடத் தயங்கினால் உஷார்!

என்ஜினீயர்

புதிதாகப் பெயிண்ட் அடித்த பழைய வீடு என்றால் இரண்டு மடங்கு கவனம் தேவை. பூச்சில் மட்டும் முடிபோல ஓடும் கீறல் பெரிய ஆபத்து அல்ல. ஜன்னல் மூலையில் இருந்து சாய்வாக ஓடும் வெடிப்பு வேறு. அஸ்திவாரம் இறங்கியதன் அடையாளமாக அது இருக்கலாம்.

கூரையின் அடியில் பழுப்புக் கறை இருந்தால், உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கலாம். துருப்பிடித்த இரும்பு பருக்கும். கான்கிரீட்டை உடைத்துத் தள்ளும். என்ஜினீயர் சுத்தியலால் தட்டுவார். கெட்டுப்போன இடம் 'டொப்' என்று சத்தம் கொடுக்கும். மண்சட்டி சங்கதிதான்!

மரக்கட்டைமேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில், கட்டை சுவருக்குள் நுழையும் முனையைப் பார்க்க வேண்டும். ஓதமும் கறையானும் அங்கேதான் குடியிருக்கும்.

விற்கிறவரோ தரகரோ கூட்டி வரும் என்ஜினீயர் வேண்டாம். வாங்குகிறவரே கட்டணம் பேசி அழைத்து வந்து, அறிக்கையை எழுத்தில் வாங்கிக்கொள்வதே நல்லது.

மதிப்பீட்டாளர்

பத்திரப் பதிவுக்கு அரசு போடும் வழிகாட்டி மதிப்பு ஒன்று. ஊரில் விற்கும் விலை இன்னொன்று. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

டிரைவர் வாங்கப் போகும் வீட்டுக்குக் கணக்குப் போடுவோம். மனை 1,200 சதுர அடி, ரூ.18 லட்சம். கட்டிடம், இன்று புதிதாகக் கட்டினால் சதுர அடிக்கு ரூ.2,000 வீதம் ரூ.16 லட்சம். ஆக ரூ.34 லட்சம். வீட்டுக்காரர் கேட்பது இதைத்தான்!

ஆனால் வீடு புதிது அல்லவே! கான்கிரீட் வீட்டுக்கு ஆயுள் 60 ஆண்டு, இடித்தாலும் 10 சதவீதம் தேறும் என்று கணக்கு வைத்தால், 20 ஆண்டில் தேய்மானம் 30 சதவீதம். ரூ.16 லட்சத்தில் ரூ.4 லட்சத்து 80 ஆயிரம் கழிந்துவிடும். வீட்டின் மதிப்பு ரூ.29 லட்சத்து 20 ஆயிரம்தான். சுவர் 2 அடி உள்ளே வந்திருந்தால் ரூ.28 லட்சம்!

யாருக்கு எது?

காலி மனைக்கு சர்வேயர் முக்கியம். பழைய தனி வீட்டுக்கு மூவரும் தேவை. அடுக்குமாடி வீட்டுக்கு என்ஜினீயரும் மதிப்பீட்டாளரும் போதும். நிலத்தில் எவ்வளவு பாகம் என்பதைப் பத்திரத்தில் பார்க்க வேண்டும். புது அடுக்குமாடி என்றால் 2016-ம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் துணைக்கு உண்டு. ஒப்படைத்த நாளில் இருந்து 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறையைச் சுட்டிக்காட்டினால், கட்டியவர் 30 நாளில் செலவு வாங்காமல் சரிசெய்து தர வேண்டும்.

எல்லாவற்றையும் முன்பணம் கொடுக்கும் முன்பே பார்த்துவிட வேண்டும். கொடுத்த பிறகு பார்ப்பது, தாலி கட்டிய பிறகு ஜாதகம் பார்ப்பது போல!

மூவருக்கும் கொடுக்கும் கட்டணம் வீண் செலவு என்று தோன்றலாம். டிரைவர் வீட்டுக் கணக்கை இன்னொரு முறை பாருங்கள். மனைவி கேட்ட அந்த ஒரு கேள்வியின் விலை ரூ.6 லட்சம்!