மானியம் நின்ற பின் சாண எரிவாயுக் கலம்

அரசாங்கம் அளிக்கும் மானியம் ஒரு காரியத்தைத் தொடங்கி வைக்கும். அதனை நடத்திச் செல்வது நம் கடமையேயாகும். தறி வாங்கச் சங்கம் கடன் கொடுக்கும். நாடா தேய்ந்தால் மாற்றிக்கொள்வது நெசவாளரின் பொறுப்பு. சாண எரிவாயுக் கலத்திற்கும் இவ்விதியே பொருந்தும்.

நம் தேசத்தில் 1981-82ஆம் ஆண்டில் தேசிய சாண எரிவாயு வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்றது. அது முதல் வந்த மானியங்களில் பெரும்பகுதி கலத்தைக் கட்டுவதற்கே அளிக்கப்பட்டது. கட்டிப் பல ஆண்டுகள் சென்ற பின் பழுது பார்க்கும் செலவோ வீட்டார் தலையில் விழுகிறது. நெல்லிவாசல்நாடு போன்ற ஜவ்வாது மலை ஊர்களில் இச்சுமை இன்னும் பெரிது. கீழ்நாட்டிலிருந்து கொத்தனார் ஏறி வர வேண்டும். சிமெண்டும் ஏற வேண்டும். கலம் நின்றுவிட்டால் நம் பெண்மக்கள் மறுபடியும் விறகுச் சுமைக்கும் அடுப்புப் புகைக்கும் திரும்ப வேண்டியதுதான்.

ஆகவே, முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு கிலோ பசுஞ்சாணம் ஏறத்தாழ 40 லிட்டர் வாயு தரும். 2 கனமீட்டர்க் கலத்திற்கு நாள்தோறும் 50 கிலோ சாணமும் அதே அளவு நீரும் வேண்டும். ஒரு கனமீட்டர் வாயு சுமார் 0.43 கிலோ உருளை எரிவாயுவுக்கு ஈடு. குறைவின்றி ஊட்டினால் மாதம் 25 கிலோவுக்கு ஈடான எரிபொருள் கிடைக்கும். பாதியே கிடைத்தாலும், 14.2 கிலோ உருளை ஒன்றுக்குச் சற்றே குறைவு. இவ்வளவு பயனுள்ள பொருளைச் சிறு பழுதுக்காகக் கைவிடுதல் தகுமா?

கலங்கள் நிற்பதற்குக் காரணங்கள் பெரும்பாலும் எளியவையே. கட்டுத்தொழுவத்தில் நிற்கும் மாடு ஒன்று நாளைக்கு 10 கிலோ சாணம் இடும். மேய்ச்சலுக்குச் செல்லும் மாட்டின் சாணத்தில் ஒரு பகுதி காட்டிலேயே தங்கிவிடும். மாடுகளும் குறைந்துவிட்டால் கலம் பட்டினி கிடக்கிறது. அப்போது அண்டை வீட்டார் சாணம் சேர்த்து ஊட்டி, வாயுவையும் எருவையும் பகிர்ந்துகொள்ளலாம். பனிக்காலத்தில் குளிரால் வாயு குறைவது இயல்பு. வெயிலில் வைத்துச் சூடேறிய நீரில் சாணத்தைக் கரைப்பது நன்மை தரும்.

பராமரிப்பு முறைகளையும் அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் வேண்டும். இரும்பு மூடி மிதக்கும் கலமாயின், ஆண்டுதோறும் துருவை நீக்கி வர்ணம் பூசுக. மூடியை அவ்வப்போது சுழற்றினால் மேலே படியும் ஏடு உடையும். நிலையான கூரைக் கலமாயின், வாயு கசியும் இடத்தைச் சோப்பு நீர் தடவிக் கண்டறிக. தீயைக் காட்டிப் பார்ப்பது பேராபத்து. குழாயில் தேங்கும் நீரை வடித்துவிடுக. சாணத்துடன் மண்ணும் கல்லும் சேராமல் காத்தால் அடிவண்டல் மெதுவாகவே ஏறும். வண்டலை அகற்றும் நாளில் ஒருவரும் தனியாகக் குழிக்குள் இறங்கலாகாது. உள்ளே தங்கும் நச்சுவாயுவாலும் பிராணவாயுக் குறைவாலும் உயிர் போகும். பயிற்சி பெற்றவரைக் கொண்டே இப்பணியைச் செய்விக்க வேண்டும்.

இச்செலவுக்குப் பணம் எங்கே என்று கேட்பீர்கள். கலத்திலிருந்து வெளிவரும் எருக்குழம்பே அதற்கு விடை. சாணத்தை எரித்தால் சாம்பல்தான் மிஞ்சும். கலத்தில் இட்டால் வாயுவும் கிடைக்கிறது, தழைச்சத்துள்ள எருவும் மிஞ்சுகிறது. அதனைச் சாமை நிலத்திற்கு இட்டு, உரத்தில் மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்குதல் முறை.

கர்நாடகத்தில் தும்கூர் மாவட்டத்துப் புரா கிராமம் நமக்கு ஒரு பாடம். இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த அமுல்யா ரெட்டி முதலிய அறிஞர்களின் துணையுடன் அங்கே ஊர்ப்பொதுக் கலம் ஒன்று அமைந்தது. சமையலுக்கு வாயு போதாமற்போகவே, 1987 முதல் அவ்வாயுவால் மின்சாரம் எடுத்து விளக்கும் குடிநீரும் அளித்தனர். சாணம் கொணர்ந்த வீட்டார்க்கு அதற்குரிய காசும் கிடைத்தது, எருவும் திரும்பக் கிடைத்தது. ஊர் இளைஞர்களே இயந்திரத்தை இயக்கினர். ஆண்டுகள் பல நடந்த பின் அந்நிலையம் நின்றுபோயிற்று. எனினும், கொடுத்தவனுக்குப் பலன் கைமேல் தெரியும் வரை பொதுச்சொத்து பாழாகாது என்பதை அது காட்டிற்று.

நாம் செய்யத்தக்கது இதுவே. கலமுள்ள வீடுகள் சேர்ந்து சங்கத்தில் ஒரு பழுதுபார்ப்பு நிதி தொடங்கலாம். உதாரணமாக, 20 வீடுகள் மாதம் 50 ரூபாய் வீதம் செலுத்தினால் ஆண்டுக்கு 12,000 ரூபாய் சேரும். அதிலிருந்து வர்ணம், குழாய், அடுப்பு உறுப்புகள் ஆகியவற்றை வாங்கிச் சங்கத்தில் இருப்பு வைக்கலாம். மலையிலேயே வாழும் இளைஞர் இருவருக்குக் கலவேலை கற்பிக்கலாம். ஊட்டுவதற்குச் சாணமே இல்லாத கலத்திற்கு மட்டும் பணம் செலவிட வேண்டாம். அதனை மூடுவதே நேர்மை.

ஊர் கூடித் தேர் இழுத்தால்தான் தேர் நகரும். மறு மானியம் வரும்வரை காத்திராமல், அடுத்த மாதக் கூட்டத்திலேயே அங்கத்தினர்கள் இதனை எடுத்துப் பேசி முடிவு செய்வார்களாக.