சடுகுடு ஆட்டத்தில் ஓரப்பட்டை விதி

சடுகுடு நம் தோட்டத் திடல்களில் நன்கறிந்த ஆட்டமே. ஆயினும், அதன் ஓரப்பட்டை விதியை அறியாது சச்சரவு செய்வோர் பலர்.

ஆடவர் களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உடையது. அதனுள் இரு ஓரங்களிலும் 1 மீட்டர் அகலத்தில் ஓரப்பட்டை உண்டு. எவரையும் தொடுமுன் பாடிச் செல்பவர் அதனுள் கால் வைத்தால் ஆட்டமிழப்பார். தொட்டபின் அதுவும் களமாகிவிடும். இழுபறியில் உடலின் ஒரு பகுதி எல்லைக்கு வெளியே பட்டாலும், மற்றொரு பகுதி உள்ளே தரையைத் தொட்டிருந்தால் அவர் ஆட்டமிழக்க மாட்டார்.

ஆனால், எவரையும் தொடாமல் ஓரப்பட்டையில் நுழைந்தவரைத் துரத்தி, பிடிப்போரும் அதனுள் நுழைந்தால் என் செய்வது? 2023ஆம் ஆண்டு சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டு இறுதியாட்டத்தில் இக்கேள்வியே எழுந்தது. இந்தியாவும் ஈரானும் 28-28 என நின்ற வேளையில், இந்தியாவின் பவன் செராவத் அவ்வாறு நுழைந்தார். ஈரான் வீரர்களும் தொடர்ந்தனர். பழைய விதிப்படி நுழைந்தோர் அனைவரும் ஆட்டமிழப்பர். புதிய விதிப்படி பாடிச் சென்றவர் மட்டுமே. வாதத்தால் ஆட்டம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நின்றது. முடிவில் இந்தியா 33-29 என வென்றது.

ஆகவே, எவ்விதிப்படி ஆடுவது என்பதை இரு அணியாரும் நடுவரும் ஆட்டத்திற்கு முன்பே உறுதி செய்துகொள்வீராக. பெற்றோர்களும் நடுவரின் தீர்ப்பை மதித்துப் பிள்ளைகளுக்கு வழிகாட்டுவீராக.