தங்கவயலில் ஒரு கலங்கரை விளக்கம்



நம் கோலார் தங்கவயலுக்கும் கடலுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. நாம் இருப்பது கடல் மட்டத்திலிருந்து சுமார் 850 மீட்டர் உயரத்தில்; சென்னை மெரினா நேர்கோட்டில் ஏறத்தாழ 220 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அந்த மெரினாவின் சிவப்பு வெள்ளைக் கலங்கரை விளக்கத்தைக் கொண்டுவந்து நமது சைனைடு மேட்டின் எதிரே நிறுத்த முடியுமா? புகைப்படத்தில் முடியும். விடுமுறையில் வீட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கு இதை ஒரு விளையாட்டுப் போட்டியாக வைக்கலாம் என்பது என் யோசனை. பார்ப்பவர் ஒரு நிமிடமாவது நம்பினால் வெற்றி.

சென்னைக்கு இது நான்காவது விளக்கு. முதல் விளக்கு 1796ல் கோட்டைக்குள் எரிந்தது. இரண்டாவது, உயர்நீதிமன்ற வளாகத்தில் இன்றும் நிற்கும் கல்தூண்; அது 1844ல் எரியத் தொடங்கியது. மூன்றாவது 1894ல் உயர்நீதிமன்றக் கட்டடத்தின் உச்சியிலேயே ஏற்றப்பட்டது. இப்போதுள்ள மெரினா கோபுரம் 1977ல் ஒளிரத் தொடங்கியது. முக்கோண வடிவம், உயரம் சுமார் 46 மீட்டர். இந்த உயரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கணக்குக்குத் தேவைப்படும்.

வெட்டி ஒட்டும் வேலையைக் கைப்பேசியே செய்துவிடுகிறது. ஆனால் ஒட்டிய படம் ஏன் பொய்யாகத் தெரிகிறது? பெரும்பாலும் மூன்று காரணங்கள்.

முதலாவது நிழல். ஒரே படத்தில் கோபுரத்தின் நிழல் இடப்பக்கமும் வேப்பமரத்தின் நிழல் வலப்பக்கமும் விழுந்தால் சிறுபிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும். இதில் நமக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. சென்னையும் தங்கவயலும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், அதாவது 13 டிகிரியில் இருக்கின்றன. தீர்க்கரேகையில் வித்தியாசம் 2 டிகிரி. டிகிரிக்கு 4 நிமிடம் வீதம் 8 நிமிடம். ஆகவே மெரினாவில் மாலை 4 மணிக்கு விழும் நிழலே இங்கு 4 மணி 8 நிமிடத்துக்கு விழும். இரண்டு படங்களையும் அடுத்தடுத்த நாட்களில், இந்தக் கணக்குப்படி, ஒரே திசையை நோக்கி நின்று எடுத்தால் நிழல் தானாகப் பொருந்தும்.

இரண்டாவது தொடுவானம். சமதளத்தில் தொடுவானக் கோடு எப்போதும் கேமராவின் உயரத்திலேயே அமையும். மெரினாவில் நின்றபடி எடுத்தால் அது கோபுரத்தின் அடியில் சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில் வெட்டும். 30 மீட்டர் உயரத்திலிருந்து எடுத்தாலோ, கோபுரத்தின் மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் வெட்டும். ஆகவே கோபுரத்தைத் தரையில் நின்று எடுத்துவிட்டு, பின்னணியை மேட்டின் மீதேறி எடுக்காதீர்கள். இரண்டையும் சமதளத்தில் நின்றே எடுங்கள்.

மூன்றாவது அளவு. 46 மீட்டர் கோபுரம், 1.7 மீட்டர் மனிதனைப்போல் 27 மடங்கு. படத்தில் கோபுரம் 27 சென்டிமீட்டர் என்றால், அதன் அடியில் நிற்பவர் ஒரு சென்டிமீட்டர்தான் இருக்க வேண்டும்.

இந்த வித்தை கம்ப்யூட்டரோடு பிறந்ததல்ல. போட்டோஷாப் வந்தது 1990ல். அதற்கு 130 ஆண்டுகளுக்கு முன்பே பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே கடலை ஒரு நெகடிவிலும் வானத்தை வேறொரு நெகடிவிலும் எடுத்து ஒன்றாக அச்சிட்டார். நம் பக்கத்தில் சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்த கேப்டன் லின்னேயஸ் ட்ரைப், நெகடிவின் மீது வண்ணம் தீட்டி, வெறும் வானத்தில் மேகங்களை வரவழைத்தார். அவரே 1858ல் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, 19 அடி நீளத்துக்கு ஒட்டிச் சேர்த்தார். நம் ஊர் ஸ்டுடியோக்களும் சளைத்தவை அல்ல. மறைந்த தந்தையின் படத்தை வெட்டி, தாயின் அருகில் ஒட்டி, தம்பதியாகச் சட்டமிட்டுத் தந்த கைகள் எத்தனை! அந்தப் படத்தை யாரும் பொய் என்று சொல்வதில்லை.

ஆனால் 1982 பிப்ரவரியில் நேஷனல் ஜியாக்ரபிக் பத்திரிகை, அட்டையின் நெட்டு வடிவத்துக்குள் அடக்குவதற்காக எகிப்தின் பிரமிடுகளைக் கம்ப்யூட்டரில் நெருக்கி வைத்தபோது பெரும் கண்டனம் எழுந்தது. வித்தியாசம் என்ன? வீட்டுச் சுவரில் தொங்கும் படத்தின் கதை வீட்டாருக்குத் தெரியும். பத்திரிகை வாசகருக்கு யாரும் சொல்லவில்லை.

நாம் கவனிக்க வேண்டியது இதைத்தான். 2001 பிப்ரவரி 28ல் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஷாஃப்டுகள், பட்டறைகள், லைன் வீடுகள் எப்படி இருந்தன என்பதற்கு வீடுகளில் இருக்கும் பழைய படங்களே சாட்சி. ஓர் உதாரணம் சொல்கிறேன். மாரிகுப்பம் வரை 1894ல் போடப்பட்ட நமது பாதை அகலப் பாதை. தண்டவாளங்களுக்கு இடையே 1,676 மில்லிமீட்டர். ஊட்டி மலை ரயில் ஓடுவது 1,000 மில்லிமீட்டர் மீட்டர் பாதையில். அழகுக்காக ஒருவர் ஊட்டி எஞ்சினை ஊர்காம் ஸ்டேஷன் படத்தில் ஒட்டிவிட்டால், அந்தப் படம் கைமாறிக் கைமாறி 30 ஆண்டு கழித்து, "இங்கே மீட்டர் பாதை ஓடியது" என்று ஒரு பேரன் எழுதுவான். மறுத்துச் சொல்ல அன்று யார் இருப்பார்கள்?

ரயில்வேயில் ஒரு வரைபடத்தில் ஒரு கோட்டை மாற்றினாலும் திருத்த எண், தேதி, மாற்றியவர் கையெழுத்து மூன்றும் ஓரத்தில் ஏற வேண்டும். பழைய வரைபடமும் கோப்பில் இருக்கும். மாற்றுவது குற்றமல்ல, மாற்றியதை எழுதாமல் விடுவதே குற்றம். நம் பிள்ளைகளும் இதையே பழகட்டும். மூலப் படத்தைத் தொடாமல் தனியே வையுங்கள். பிரதியில் மட்டும் விளையாடுங்கள். படத்தின் கீழ் ஓரத்திலேயே, "இது ஒட்டுப்படம், கோபுரம் மெரினாவிலிருந்து" என்று எழுதி, பெயரும் தேதியும் போடுங்கள்.

அப்புறம் என்ன? கலங்கரை விளக்கத்தைச் சைனைடு மேட்டின் எதிரே நிறுத்துங்கள். வேண்டுமானால் பக்கத்தில் இரண்டு கட்டுமரங்களையும் விடுங்கள். நிழலை மட்டும் மறக்க வேண்டாம்!