வீட்டு மானமா, குழந்தையின் வாழ்வா?

குழந்தைச் செல்வத்தை இறைவனின் கொடையெனப் போற்றுகிறவர்கள் நாம். திருமுழுக்கு, புதுநன்மை, உறுதிபூசுதல் என அதன் வளர்ச்சிப் படிகள் ஒவ்வொன்றையும் விழாவெடுத்துக் கொண்டாடுகிறோம். ஆனால் அக்குழந்தையின் உடலையும் உள்ளத்தையும் ஒருங்கே சிதைக்கும் ஒரு தீமையைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும், “இதையெல்லாம் வெளியில் பேசலாமா?” என்று முகம் சுளிக்கிறோம். குழந்தைகள்மீது இழைக்கப்படும் பாலியல் கொடுமையே அத்தீமை. நமது தயக்கமே அதைப் புரிவோருக்குக் கிடைக்கும் முதற்காவல்.

கணக்கு கூறும் உண்மை

இது பெருநகரங்களில் எங்கோ ஓரிடத்தில் நிகழ்வது என்று எண்ணுவோர் பலர். 2007ஆம் ஆண்டில் நடுவண் அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் ஓர் ஆய்வறிக்கையை வெளியிட்டது. 13 மாநிலங்களைச் சேர்ந்த 12,447 குழந்தைகளிடம் நேரில் கேட்டறிந்து எழுதப்பட்டது அது. நூற்றுக்கு 53 குழந்தைகள், ஏதேனும் ஒருவகைப் பாலியல் கொடுமைக்குத் தாங்கள் ஆளானதாகக் கூறினர். அவர்களுள் பாதிக்கும் சற்று மேற்பட்டோர் ஆண் பிள்ளைகள். ஆதலால், “எங்கள் வீட்டில் இருப்பது பையன்தானே” என்று எவரும் அமைதி கொள்வதற்கில்லை.

அதனினும் நம்மைத் திடுக்கிடச் செய்வது ஒன்றுண்டு. கொடுமை இழைத்தோருள் ஏறத்தாழ பாதிப்பேர், குழந்தைக்கு நன்கு அறிமுகமானவர்கள் அல்லது குழந்தையின் பொறுப்பை ஏற்றிருந்தவர்கள். முன்பின் தெரியாதவரிடம் மிட்டாய் வாங்காதே என்று சொல்லி அனுப்பினால் நம் கடமை தீர்ந்துவிடாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

பிள்ளை ஏன் வாய் திறப்பதில்லை?

கொடுமைக்கு ஆளான குழந்தைகளுள் பெரும்பாலோர் அதை எவரிடமும் கூறவில்லை என்றும் அவ்வறிக்கை தெரிவிக்கிறது. காரணத்தை நம் இல்லங்களிலேயே தேடலாம். “பெரியவர் சொன்னால் கேள், எதிர்த்துப் பேசாதே” என்றே பழக்கியிருக்கிறோம். தீங்கு செய்பவரும் பெரியவராக இருக்கும்போது பிள்ளை என்ன செய்யும்? தவறு தன்னுடையதே என்று அஞ்சுகிறது. சொன்னால் அடி விழும் என்று நடுங்குகிறது. துணிந்து சொல்லும் பிள்ளைக்கோ, “மாமாவைப் பற்றி இப்படிப் பேசலாமா?” என்ற அதட்டலே பல வேளைகளில் மறுமொழியாகிறது. உண்மையென்று தெரிந்த பின்னும், “நாலு பேருக்குத் தெரிந்தால் நாளைக்கு யார் பெண் எடுப்பார்கள்?” என்று கதவைச் சாத்திவிடுகிறோம். அவ்வாறு காக்கப்பட்ட மானத்தின் விலை, அப்பிள்ளையின் நிம்மதி. குற்றவாளியோ அடுத்த பிள்ளையை நாடிச் செல்கிறான்.

சட்டம் தரும் காவல்

போக்சோ எனப்படும் சட்டம் 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. 18 வயது நிரம்பாத ஆண், பெண் இருபாலாரையும் அது காக்கிறது. குற்றம் நிகழ்ந்ததை அறிந்த எவரும் காவல் துறைக்குத் தெரிவித்தல் கட்டாயம்; தவறுவோருக்கு ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். நல்லெண்ணத்துடன் தகவல் தருவோர்மீது வழக்குத் தொடர இயலாது. பிள்ளையைக் காவல் நிலையத்திற்கு இழுத்தடிப்பார்களே என்ற அச்சமும் தேவையில்லை. வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ, பிள்ளை விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத அதிகாரியே பெறவேண்டும். பெயரையோ முகவரியையோ ஊடகங்கள் வெளியிடலாகாது. உடனடி உதவிக்கு 1098 என்ற தொலைபேசி எண் இரவும் பகலும் கட்டணமின்றிக் கிடைக்கிறது.

திருச்சபையின் படிப்பினை

திருப்பணியாளர் சிலரே இக்கொடுமையைப் புரிந்ததும், பொறுப்பில் இருந்தோர் சிலர் அதை மூடி மறைத்ததும் உலகறிந்த செய்தி. நற்பெயரைக் காக்க எண்ணி மறைத்த இடங்களிலெல்லாம் சிறியோரின் காயமும் ஆழமாயிற்று, நற்பெயரும் அழிந்தது. திருத்தந்தை பிரான்சிஸ் 2014இல் சிறாரின் பாதுகாப்புக்கென ஓர் ஆணையத்தை ஏற்படுத்தினார். 2019 பிப்ரவரியில் உலக ஆயர் பேரவைகளின் தலைவர்களை உரோமைக்கு அழைத்து இதுபற்றி ஆராய்ந்தார். அவ்வாண்டு மே மாதம் அவர் பிறப்பித்த சட்டம், இத்தகைய குற்றத்தை அறியவரும் குருக்களும் துறவியரும் திருச்சபை அதிகாரிகளிடம் தெரிவிப்பதைக் கடமையாக்கியது. நாட்டுச் சட்டத்தின்படி ஆற்றவேண்டிய கடமைக்கு இது மாற்றன்று. சிறியோருக்கு இடறலாய் இருப்போரைக் குறித்து ஆண்டவர் விடுத்த எச்சரிக்கை (மத். 18) குருவுக்கும் பொருந்தும், குடும்பத் தலைவருக்கும் பொருந்தும்.

பெற்றோர் செய்யத்தக்கவை

உடலின் உறுப்புகளை அவற்றின் பெயராலேயே பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். பிடிக்காத தொடுதலை, யார் செய்தாலும், “வேண்டாம்” என்று மறுக்கப் பழக்குங்கள். அம்மாவிடம் மறைக்கச் சொல்லும் இரகசியம் நல்ல இரகசியமன்று எனக் கூறுங்கள். ஒருவரைக் கண்டதும் ஒளிதல், தனிப்பாட வகுப்புக்குப் போக மறுத்தல், விட்டுப்போன படுக்கையில் நனைக்கும் பழக்கம் திரும்புதல், படிப்பில் திடீர்ச் சோர்வு ஆகியன தென்பட்டால் அதட்டாமல் அருகமர்ந்து கேளுங்கள். பங்கிலும் மறைக்கல்வி வகுப்பிலும் பிள்ளைகள் தனியே ஒருவரின் பொறுப்பில் விடப்படாதபடி ஏற்பாடு செய்யப் பங்குத்தந்தையிடம் வேண்டுங்கள்.

பிள்ளை சொல்லும் நாளில் நீங்கள் கூறவேண்டியவை மூன்றே: “நான் உன்னை நம்புகிறேன். தவறு உன்னுடையதன்று. இனி நான் பார்த்துக்கொள்கிறேன்.” இச்சொற்கள் ஒலிக்கும் வீட்டில் மானம் போகாது, பெற்றோரே; அங்கேதான் அது காக்கப்படுகிறது.