உதிரம் உரைக்கும் மறதி

மூளையின் நோயை அறிய மூளையையே அறுத்துப் பார்க்க வேண்டியிருந்தது ஒரு காலம். ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்ஸ்ஹைமர் 1906-இல் விவரித்த மறதி நோயை, நோயாளி இறந்த பின்னரே ஐயமின்றி உறுதி செய்ய இயன்றது. பின்னர் முதுகில் ஊசி செலுத்தித் தண்டுவட நீரை எடுத்தனர். பெரும் பொருட்செலவில் மூளையைப் படமும் பிடித்தனர்.

இன்று ஒரு சிறு குப்பி இரத்தமே அதனைச் சொல்ல முற்படுகிறது. நோயுற்ற மூளையில் அமிலாய்டு என்னும் புரதம் திட்டுத்திட்டாகப் படிகிறது; டௌ என்னும் மற்றொன்று நரம்பணுக்களுக்குள்ளே முறுக்கிக்கொள்கிறது. அந்த டௌவின் 217-ஆம் இடத்தில் பாஸ்பேட் ஒட்டிய வடிவம், அமிலாய்டு படியுங்கால் இரத்தத்தில் மிகுகிறது. மிகுகிறது என்றாலும் பிகோகிராம் கணக்குத்தான். கிராமை இலட்சம் கோடிக் கூறாக்கினால் அதில் ஒரு கூறு! அதனை அளக்கும் கருவி வாய்க்கவே நெடுங்காலம் ஆயிற்று. 2025 மே மாதத்தில் அமெரிக்க அரசின் உணவு மருந்து நிர்வாகம் இவ்வகைச் சோதனை ஒன்றுக்கு முதன்முறையாக இசைவளித்தது. அதுவும் 55 வயதும் அதற்கு மேலும் ஆகி, அறிகுறி தென்பட்டவர்க்கே. சிறுநீரகம் பழுதுற்றாலும் இப்புரத அளவு ஏறுமாதலின், இரத்தத்தை மட்டும் நம்பி முடிவு கட்டலாகாது.

ஊரிலிருந்து நம்முடன் வந்து தங்கிய பாட்டியார் கடைவீதியில் வழி தப்பினால், வழி கேட்கவும் இவ்விடத்து மொழி அறியார். நாமோ “வயதாயிற்று” என்று விட்டுவிடுகிறோம். பி12 குறைவும் தைராய்டுக் குறைவும் கூட மறதியை விளைவிக்கும். அவை மருந்துக்கு இணங்குபவை. அவற்றுக்குரிய இரத்தச் சோதனை நம் நகரங்களில் எளிதிற் கிடைக்கிறது.