அம்மாளும் அம்மைப்பாலும்

முல்லைத்தீவுக்கு அணித்தே, நந்திக்கடலின் கரையில் அமைந்துள்ளது வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில். மதுரையை எரித்த சினத்தோடு புறப்பட்ட கண்ணகி தங்கிய பத்தாவது பளை இதுவென்றும், பத்தாப்பளையே வற்றாப்பளையாயிற்று என்றும் வன்னி மக்கள் வழிவழியாகக் கூறுவர். வைகாசிப் பொங்கலின்போது கடல்நீர் வார்த்து விளக்கேற்றும் வழக்கம் இங்குப் பெரிதும் போற்றப்படுவது.

கண்ணகி வெம்மையின் தெய்வம். ஆதலின், உடல் கொதித்துக் கொப்புளம் எழும் நோய்களெல்லாம் அவள் வசமாயின. வைசூரி கண்ட வீட்டிலே நோய் என்ற சொல் எழாது. அம்மாள் வந்திருக்கிறாள் என்பர். வந்த அம்மாளை மருந்து கொடுத்து விரட்டுவதா? வாசலில் வேப்பிலை செருகப்படும். அயலார் உள்ளே வாரார். ஒருமுறை கண்டு தேறியவரை அந்நோய் மீண்டும் அண்டாது என்பதையும் கிராமத்தார் அறிந்திருந்தனர். அம்மைப்பாலின் அடிப்படையும் இவ்வுண்மையே அன்றோ! மூடநம்பிக்கை என்று இவற்றை ஒருசேர ஒதுக்குவோர் இதனைக் கவனிப்பதில்லை.

1796 இல் எட்வேட் ஜென்னர் கண்ட அம்மைப்பால், 1802 இல் பஸ்ரா வழியே பம்பாயை அடைந்து, அவ்வாண்டிலேயே இலங்கைக்கும் வந்தது. குளிரூட்டி இல்லாத காலம். ஒரு குழந்தையின் புயத்தில் எழுந்த கொப்புளத்து நீரை மற்றொரு குழந்தையின் புயத்தைக் கீறி ஏற்றியே அதனைக் காத்து வந்தனர். அவ்வழியே மேகநோயும் தொற்றியமை பின்னர் ஐரோப்பாவிலேயே தெரியவந்தது. எனவே, பிள்ளையை ஒளித்துவைத்த தாயின் அச்சம் முற்றிலும் பேதைமையன்று. 1886 இல் அம்மைப்பாலுக்கெனச் சட்டமும் பிறந்தது. ஆயினும், சட்டத்துக்கு அஞ்சிக் கையை நீட்டியவர் மனமும் இசைந்தார் என்று கொள்வதற்கில்லை.

மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் வேறு வழியை நாடினார். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அவர், தமிழ் கற்று, மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே போதித்தார். மாணாக்கரின் துணையோடு மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். அவரிடம் பயின்றோர் நோயாளிக்கு அவர்தம் தாய்மொழியிலேயே காரணம் கூற வல்லவராயினர். அம்மொழியில் கேள்வி கேட்கவும் நோயாளிக்கு இயன்றது; கேள்வி கேட்க இடமிருந்தாலன்றி ஐயம் எவ்வாறு தீரும்?

வைசூரி உலகைவிட்டே ஒழிந்ததென 1980 இல் அறிவிக்கப்பட்டது. வற்றாப்பளையில் பொங்கல் நின்றுவிடவில்லை. பிள்ளைக்காக நேர்த்தி வைக்கும் தாயே அதனைக் கிளினிக்குக்கும் கொண்டு செல்கிறாள். அவளுக்கு இவ்விரண்டும் பகையல்ல. சின்னமுத்துத் தடுப்பூசி 1984 முதல் இந்நாட்டில் வழங்கப்பட்டு, 2019 இல் அந்நோயும் நீங்கியதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஆனால், 2023 இல் அது மீண்டும் தலைகாட்டிற்று. ஊசி போடாத பிள்ளைகளைத் தேடி, சுகாதாரப் பணியாளர் மறுபடியும் வீட்டு வாசல்களில் நிற்கவேண்டியதாயிற்று.