கோபுர விளக்கும் பறவைகளும்

அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் சமவெளி நடுவே ஒரு தொலைக்காட்சிக் கோபுரம் 600 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கிறது. விமானியின் கண்ணில் அது படாவிட்டால் என்ன ஆகும்?

அதற்காகத்தான் விதிகள். அந்நாட்டில் 200 அடியைத் தாண்டும் கட்டுமானங்களுக்குப் பொதுவாக அடையாளம் வேண்டும். பகலில் தெரிய, ஆரஞ்சும் வெள்ளையும் மாறி மாறிப் பட்டை பட்டையாக வண்ணம் பூசுவார்கள். உச்சியிலும் அடியிலும் ஆரஞ்சுதான் வரவேண்டும். இரவுக்குச் சிவப்பு விளக்கு. மிக உயரமானவற்றில் வண்ணத்துக்குப் பதிலாக, பகலிலும் மின்னும் வெள்ளை விளக்கு வைக்கலாம். நிமிடத்துக்கு 40 முறை மின்னும். பகல் வெயிலோடு போட்டிபோட 2 லட்சம் கேண்டலாவுக்கும் மேல் ஒளி. இரவில் 2,000 போதும். இல்லையென்றால் அக்கம்பக்கத்தில் யார் தூங்குவது!

உச்சி விளக்கு அரை மணி நேரத்துக்கு மேல் எரியாவிட்டால், உடனே விமானத் துறைக்குச் சொல்லியாக வேண்டும்.

ஆனால் அணையாமல் எரியும் சிவப்பு விளக்கில் ஒரு வினை இருந்தது. மேகம் மூடிய இரவுகளில், வலசை போகும் சிறு பறவைகள் அந்த ஒளியில் மயங்கிக் கோபுரத்தையே சுற்றிச் சுற்றி வரும். இழுத்துக் கட்டிய கம்பிகளில் மோதிச் சாகும். மிச்சிகன் மாநிலத்தில் ஆராய்ந்தபோது, மின்னும் விளக்குகளை மட்டும் விட்டுவைத்த கோபுரங்களில் பறவைச் சாவு சுமார் 70 சதவீதம் குறைவாக இருந்தது. அணையாமல் எரியும் விளக்கைத் தவிர்க்கும்படி 2015-இல் விதியே மாறியது. மின்னும் விளக்கு விமானிக்கும் போதுமானதாகவே இருக்கிறது. கோபுரக்காரர்களுக்கு மின்கட்டணமும் மிச்சம்.